சேதாரக் கணக்கு

சிபியு நகரின் கீழ்த்தெருவில்
கைக்கடிகாரத்துக்கு மின்கலம் மாற்றுகிறேன்.
பழங்காசுக்கு விலையும் சொல்கிறேன்.
வாடகை வருவது மின்கலத்தில்தான்.

பனி கொட்டிய ஒரு செவ்வாயன்று
சவேட்டா வந்தாள்.
பாவாடையின் உட்பையிலிருந்து ஒரு சாக்ஸ்,
சாக்ஸுக்குள் எட்டு தங்க டுகாட்.
உள்ளங்கைக் குழி அகலம், அப்பள மெலிசு.
கிருதா வைத்த பேரரசர் எட்டுப் பேரும்
ஒரே திசையில் யாரையோ எதிர்பார்க்கிறார்கள்.

தராசைத் துடைத்தேன்.
விலை சொல்பவன் முதலில் கெட்டதைச் சொல்ல வேண்டும்.
"சடையில் ஆடிய காசு, அம்மா,
பெட்டியில் தூங்கிய காசுக்கு ஈடாகாது.
பாருங்கள், உச்சியில் வளையம் இருந்த தழும்பு.
பிடுங்கிவிட்டு அரம் போட்டிருக்கிறார்கள்,
பற்றாசு இன்னும் வெளிறிக் கிடக்கிறது.
இதற்கு விளிம்பு மடங்கல்.
இதற்குக் கன்னமே இல்லை,
பேரரசர் கரைந்த சோப்பு.
சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள்.
உருக்கு விலைதான்."

வைத்தியர் சொல்லப்போவதை
வாசலிலேயே கேட்டுவிட்டவள்போல்
தலையாட்டினாள்.
ஏழு காசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
"இதுகளின் விலை எனக்குத் தெரியும்.
அந்த ஒன்றுக்குச் சொல்."

எட்டாவது.
வளையம் இல்லை, தழும்பு இல்லை.
கண்ணில் ஒரு துளை.
ஆணி வைத்து ஒரே அடி,
பின்னால் கழுகின் வயிற்றில்
பிசிறு கிளம்பி நிற்கிறது.

"எங்கள் ஆட்கள் கண்ணில் குத்தமாட்டார்கள்."

பிறகுதான் சொன்னாள், அதுவும் முழுதாக அல்ல.
அந்த ஆட்சியில் கூரை ஓட்டைப் பிரித்துக்
காவலர்கள் எடுத்துப் போனது எட்டு.
ரசீதில் எழுதியது:
மஞ்சள் உலோகம், வட்டம், எட்டு.
ஆட்சி கவிழ்ந்து, மனுப் போட்டு,
சாட்சிக்கு ஆள் சேர்த்து, சாட்சிகளும் செத்து,
வங்கி நிலவறையிலிருந்து எண்ணிக் கொடுத்தது எட்டு.
கணக்கு சரி என்றானாம் எழுத்தன்.

கணக்கு சரிதான்.

எடை போட்டேன். பதின்மூன்று கிராம் அறுபத்தொன்று.
இருக்க வேண்டியது பதின்மூன்று தொண்ணூற்றாறு.
குறைந்ததில் ஆணிக்கு எவ்வளவு, தோலுக்கு எவ்வளவு
என்று தராசு பிரித்துச் சொல்லாது.
விலையைத் தாளில் எழுதி நீட்டினேன்.
வாங்கி மடித்துச் சாக்ஸில் போட்டாள்.
காசை என் பக்கம் தள்ளினாள்.
"கண்ணாடிக்குள் வை. விற்காதே.
துளை தெருவைப் பார்க்கட்டும்.
இப்படிக் குத்தியவனின் வீட்டு ஆள்
ஒருநாள் இந்தப் பக்கம் நடக்காமலா போவான்?"

வைத்திருக்கக் கூலி கேட்டேன்.
"கண்ணாடியை நீ எப்படியும் துடைக்கத்தானே போகிறாய்."

நான்கு மாதம் துடைத்தேன்.
பல் மருத்துவர் ஒருவர் துளையை அடைத்துத் தருவதாகச் சொன்னார்.
சுற்றுலா வந்தவன், துப்பாக்கிக் குண்டா என்றான்.
சேகரிப்பவர்கள் நாக்கைச் சப்புக் கொட்டினார்கள்:
நல்ல வருடத்துக் காசு, பாழாக்கிவிட்டான்.
அகலமான தொப்பியோடு சிலர் நின்றார்கள்,
உள்ளே வரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ஒருவன் வந்தான்.
இஸ்ட்ராட்டே, பாத்திரம் அடிப்பவன்,
நகக்கண்ணில் செம்புப் பச்சை.
எடுத்துக் கொடுத்தேன்.
பேரரசரைப் பார்க்கவில்லை, வருடத்தைப் பார்க்கவில்லை.
கண்ணை மூடிக்கொண்டு பிசிறின்மேல்
கட்டைவிரலை ஓட்டினான்.
கடைக்குள் எல்லாக் கடிகாரமும் கேட்டது.

"இல்லை," என்றான்.
"எங்களுடையது காதில் குத்தினது."

மின்கலம் ஒன்று வாங்கினான்.
சில்லறையை எண்ணாமல் போட்டுக்கொண்டு போனான்.

கதவைச் சாத்தியபின் ஏட்டை எடுத்தேன்.
இருபது வருடமாகப் பழுது என்று ஒரே பத்தி.
அதில் கோடு போட்டுப் பிரித்தேன்:
உச்சி. கண். காது.
மூன்றாவது கோடு கோணிக்கொண்டது.

போன ஆகஸ்டில் ஒரு வரி இருக்கிறது, என் கையெழுத்து.
டுகாட், ஒன்று. பதின்மூன்று எழுபது.
துளை. பழுது. உருக்கு.

துளை எங்கே என்று எழுதவில்லை.